‘ஹியூமங்கஸ்’ என்று எழுதியது பிழையா?

தம்பி கேட்டிருப்பது, மேலோட்டமாகப் பார்த்தால், ஒரு சொல்லின் அர்த்தம். உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை, வயது 22, ஒரு நாள் காலையில் இரண்டு மணித்தியாலம் தண்ணீர் வராமல் போய்விட்டது, தங்கியிருந்த ஆஸ்திரேலியக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் எழுதும்போது ‘வீ அப்பாலஜைஸ் ஃபார் த ஹியூமங்கஸ் இன்கன்வீனியன்ஸ்’ என்று போட்டேன், முதலாளி அதைப் பார்த்துவிட்டு இப்படி ஒரு சொல்லே இங்கிலீசில் இல்லை என்று எல்லார் முன்னாலும் ஏசினார், அப்படி ஒரு சொல் இருக்கிறதா, இருந்தால் அர்த்தம் என்ன என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு தரம் வாசித்தபோது எனக்கு வேறு ஒன்று விளங்கியது. அர்த்தம் உங்களுக்குத் தெரியும். திமிங்கலம் பார்க்கப் போய்வரும் வெளிநாட்டுக்காரர்கள் வாயிலிருந்து கேட்டுத்தானே பழகினீர்கள். அவர்கள் சொன்னால் சரியாக இருக்கிற சொல், நீங்கள் எழுதினால் ஏன் பிழையாகிறது என்பதுதான் உங்களுக்குள் குடைகிற கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன். திருகோணமலையில் 30 வருடத்துக்கு மேல் இங்கிலீஸ் படிப்பித்திருக்கிறேன், இந்தக் கேள்வியை வேறு வேறு சொல்லை வைத்து எத்தனையோ பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள்.

முதலில் சுருக்கமாக: சொல் இருக்கிறது. ஒக்ஸ்ஃபோர்ட் அகராதியிலும் இருக்கிறது, அமெரிக்காவின் மெரியம் வெப்ஸ்டரிலும் இருக்கிறது. அந்த விஷயத்தில் உங்கள் முதலாளி சொன்னது பிழை. ஆனால் அந்தக் கடிதத்தில் அது வந்திருக்கக் கூடாது என்று அவருக்குப் பட்டதே, அது சரி. அவர் காது சரியாகக் கேட்டிருக்கிறது, காரணத்தைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டார்.

அர்த்தம் ‘மிக மிகப் பெரிய’. அகராதியில் பொருளுக்கு முன்னால் ஒரு சின்னக் குறிப்பு நிற்கும், ‘இன்ஃபார்மல்’ என்று. நம் பிள்ளைகள் பொருளை மட்டும் எழுதிக்கொண்டு போய்விடுவார்கள், அந்தக் குறிப்பைப் பார்ப்பதே இல்லை. வீட்டுப் பேச்சு, நண்பர் பேச்சு, கடற்கரைப் பேச்சு என்று அதற்கு அர்த்தம். இந்தச் சொல் 1960களின் பிற்பகுதியில், 1970ஐ ஒட்டி, அமெரிக்கப் பேச்சுவழக்கில் கிளம்பியது. அதுவரை நிச்சயம். எப்படி உண்டானது என்று கேட்டால் அகராதிகளே ‘இருக்கலாம்’ என்றுதான் எழுதுகின்றன: ‘ஹியூஜ்’ என்பதையும் ‘மான்ஸ்ட்ரஸ்’ என்பதையும் யாரோ ஒன்றாகப் பிசைந்திருக்கலாம், ‘ட்ரிமெண்டஸ்’ போன்ற சொற்களின் ஓசையும் அதில் ஒட்டியிருக்கலாம். இதற்கு ஒரு லத்தீன் வேர் இருக்கிறது, கிரேக்க வேர் இருக்கிறது என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள். வாய்க்கு நிறைவாக இருக்கவேண்டும் என்பதற்காகவே உருட்டிச் செய்த சொல். உச்சரிக்கும்போது நடு அசையில் அழுத்தம், ‘ஹியூ-மங்-கஸ்’. அந்த ‘மங்’கை ‘மொங்’ என்று சொல்கிறவர்களும் உண்டு, இரண்டும் சரி.

அதே மாதிரிப் பிறந்த ஒரு தங்கச்சிச் சொல்லும் உங்கள் காதில் விழுந்திருக்கும், ‘ஜினார்மஸ்’. ஜைகாண்டிக், எனார்மஸ் இரண்டையும் ஒட்டியது, இதில் சந்தேகம் இல்லை. 1940களில் பிரித்தானியப் படைக்காரர்கள் பேச்சில் ஓடித் திரிந்தது. மெரியம் வெப்ஸ்டர் தன் கல்லூரி அகராதியில் அதைச் சேர்த்தது 2007இல்தான். ஒரு சொல் வாயில் வந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகுகூட அகராதிக்குள் நுழையலாம் என்பதால்தான் ‘என் அகராதியில் இல்லை, ஆகவே சொல்லே இல்லை’ என்கிற வாதம் நிற்காது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 1980களின் கடைசியில், பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி கோணேசர் கோயில் நிற்கிற சுவாமி மலையைப் பற்றி எழுதிய கட்டுரையில் ‘த ரொக் இஸ் ஹியூமங்கஸ்’ என்று எழுதியிருந்தாள். என்னிடம் அப்போது இருந்தது ஒரு பழைய அகராதி, 1960களுக்கு முன் அச்சிட்டது. புரட்டிப் பார்த்தேன், இல்லை. சிவப்பு மையால் வெட்டிவிட்டு ‘அப்படி ஒரு சொல் கிடையாது’ என்று ஓரத்தில் எழுதினேன். இரண்டு நாள் கழித்து அந்தப் பிள்ளை டொரண்டோவில் இருந்த சித்தியின் கடிதத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அங்கே பனி குவிந்து கிடப்பதைச் சித்தி அந்தச் சொல்லால் எழுதியிருந்தார். பிள்ளை ஒன்றும் பேசவில்லை, வைத்துவிட்டு நின்றாள். கொழும்பில் இருந்த நண்பர் ஒருவரிடம் சொல்லிப் புது அகராதியில் பார்த்தேன், இருந்தது. வகுப்பிலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், வெட்டிய புள்ளியையும் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு பிள்ளையின் தாளிலும் ‘இப்படி ஒரு சொல் இல்லை’ என்று எழுதியதில்லை, ‘இந்த இடத்துக்கு வேண்டாம்’ என்றுதான் எழுதியிருக்கிறேன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் இத்தனை நீளத்துக்கு எழுத உட்கார்ந்ததற்கு அந்தப் பிள்ளை நின்ற நிலையும் ஒரு காரணம்.

சரி, ‘இந்த இடத்துக்கு வேண்டாம்’ என்றால் என்ன? தமிழிலேயே பாருங்கள். நாங்கள் ‘பென்னம்பெரிய’ என்கிறோம். “அண்ணை, இண்டைக்கு பென்னம்பெரிய திருக்கை ஒண்டு பட்டது” என்று கரையில் ஒருவர் சொன்னால், கேட்பவருக்கு மீனின் அளவு மட்டும் தெரிவதில்லை, சொன்னவர் கண் விரிந்ததும் தெரிகிறது. அதே ஆள் கடற்றொழில் அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினால் ‘பென்னம்பெரிய நட்டம் ஏற்பட்டது’ என்று எழுதுவாரா? மாட்டார். ‘பாரிய நட்டம்’ என்று எழுதுவார். பென்னம்பெரிய என்பது தமிழே இல்லை என்று யாராவது சொன்னால் நமக்குக் கோபம் வரும், ஆனால் அதை விண்ணப்பத்தில் போடவும் மாட்டோம். இங்கிலீசில் ‘ஹியூமங்கஸ்’ நிற்கிற இடம் கிட்டத்தட்ட அதுதான். நான் படிப்பிக்கும்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த சோதனையும் இதுவே: ஒரு இங்கிலீஸ் சொல்லைப் போடலாமா என்று சந்தேகம் வந்தால், அந்த வாக்கியத்தைத் தமிழில் அதே தொனியில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ‘தங்களுக்கு ஏற்பட்ட பென்னம்பெரிய இடைஞ்சலுக்கு வருந்துகிறோம்.’ கேட்டீர்களா? விருந்தினருக்கு உங்கள் கடிதம் அப்படித்தான் கேட்டிருக்கும். குளிக்கத் தண்ணீர் இல்லாமல் சவர்க்காரத்தோடு நின்ற ஒருவருக்கு, வியந்து விளையாடும் சொல் ஒன்றைக் கொடுத்திருக்கிறீர்கள். அளவு சரி, முகம்தான் மாறிப்போயிற்று. அவர்கள் கோபப்பட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன், ஆஸ்திரேலியர்கள் பொதுவாக இதற்கெல்லாம் முகம் சுளிப்பவர்கள் அல்ல, ஆனால் மன்னிப்பின் பாரம் அந்த இடத்தில் குறைந்துவிட்டது.

இந்த மாதிரிச் சொற்கள் தமிழுக்கு அன்னியம் இல்லை. பெருமையைச் சொல்ல ஒரு சொல் போதாது என்று நம் மொழிக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. தட, கய, நளி மூன்றும் பெருமை என்ற பொருள் தரும் என்று தொல்காப்பிய உரியியல் சொல்கிறது. தடக்கை என்றால் பெரிய கை. எழுத்தில் மாபெரும், பிரமாண்டமான, பூதாகரமான என்று ஒரு வரிசை, பேச்சில் வேறு வரிசை. இலங்கைத் தமிழில் ‘சரியான பெரிசு’ என்றால் ‘மிகப் பெரிசு’ என்று நமக்கு விளங்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருவரிடம் ‘சரியான வெயில்’ என்றால் சிலர் ஒரு கணம் யோசிப்பார்கள். ‘பெரிய்ய’ என்று மெய்யை அழுத்தி இழுத்தால் அதுவும் ஒரு அளவு. இங்கிலீஸ்காரனும் அப்படித்தான், அவன் ஒலியை இழுப்பதோடு நிற்காமல் புதுச் சொல்லையே செய்துகொள்கிறான், அவ்வளவுதான்.

இனி அந்த வரிசையைக் கொஞ்சம் பிரித்துக் காட்டுகிறேன், வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு இது தினமும் உதவும். ‘பிக்’ பேச்சு, ‘லார்ஜ்’ கொஞ்சம் அளந்து சொல்வது. சட்டை, அறை, கோப்பி எல்லாவற்றுக்கும் லார்ஜ் போதும். ‘ஹியூஜ்’ எங்கேயும் போகும், பேச்சிலும் எழுத்திலும். ‘வாஸ்ட்’ என்பது பரப்புக்கு. நிலாவெளிக் கடலை வாஸ்ட் எனலாம், இறாலை வாஸ்ட் என்று சொல்ல முடியாது. ‘மாஸிவ்’ என்பதில் பாரம், கனம் இருக்கிறது, கோட்டைச் சுவருக்குப் பொருந்தும், ஆனால் பிரித்தானியர் இப்போது பேச்சில் அதை எதற்கும் போடுகிறார்கள். ‘எனார்மஸ்’ எழுத்துக்கு ஏற்றது, ஆனால் அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது: லத்தீனில் ‘நோர்மா’ என்றால் தச்சனின் மூலைமட்டம், அளவுகோல், அதற்கு வெளியே போனது எனார்மஸ். அதனால் பழைய இங்கிலீசில் அது முறைகெட்டது, கொடியது என்றும் பொருள் தந்தது. அந்தக் கொடுமை ‘எனார்மிட்டி’ என்ற பெயர்ச்சொல்லில் இன்னும் தங்கியிருக்கிறது. உங்கள் விடுதித் தோட்டத்தின் ‘எனார்மிட்டி’ என்று எழுதினால் சிலர் தோட்டத்தில் ஏதோ அக்கிரமம் நடந்திருக்கிறது என்று வாசிப்பார்கள். இப்போது பலர் அதை வெறும் பெரிய அளவு என்ற பொருளிலும் எழுதுகிறார்கள், ஏற்காதவர்களும் இருக்கிறார்கள், ஆகவே தள்ளியே இருங்கள். ‘ஹியூமங்கஸ்’ இவற்றுக்கு எல்லாம் மேலே நிற்கிற அளவு என்று நினைக்கவேண்டாம். ஹியூஜ் பத்து மீற்றர், ஹியூமங்கஸ் இருபது மீற்றர் என்று கணக்கு இல்லை. ஒரே மீனைப் பார்த்து ஒருவர் ஹியூஜ் என்பார், மற்றவர் ஹியூமங்கஸ் என்பார். மீன் அதேதான், இரண்டாமவர் கூடுதலாக வியந்திருக்கிறார் அல்லது நம்மோடு கூடுதலாகச் சிநேகமாக இருக்கிறார்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி அகராதி சொல்வது. இனிச் சொல்வது என் காதில் பட்டது, பழக்கத்தில் கண்டது, ஆகவே அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ‘வெரி ஹியூமங்கஸ்’ என்று சொல்லாதீர்கள், ‘மிக’ ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. அழுத்தவேண்டுமானால் ‘அப்சலூட்லி ஹியூமங்கஸ்’. ஒரு தொகையை அல்லது நிறையைச் சொல்லும்போது, 25 கிலோ மீன் என்பது போல, அதற்கு முன்னால் ஹியூமங்கஸ் ஒட்டாது. அங்கே பேச்சில் ‘வொப்பிங்’ வரும், ‘எ வொப்பிங் 25 கிலோஸ்’. மிக முக்கியமாக, ஒரு ஆளைப் பற்றி, அவர் உடம்பைப் பற்றி, இந்தச் சொல்லை எடுக்கவே வேண்டாம். “உங்கள் தகப்பனார் ஹியூமங்கஸ்” என்று நீங்கள் உயரத்தைப் பாராட்டிச் சொன்னாலும் கேட்பவர் பருமனைத்தான் கேட்பார். ‘டோல்’ என்று உயரத்தைச் சொல்லுங்கள். கதவு உயரம் போதுமா, கட்டில் நீளம் போதுமா என்று விருந்தினரிடம் கேட்கவேண்டி வருகிற தொழில் இது, அதனால் சொல்கிறேன்.

எங்கே போடலாம்? படகில் போடலாம். திருகோணமலைக் கடலில் பங்குனி, சித்திரையில் நீலத் திமிங்கலம் வருகிறது. அந்த இனத்தில் மிகப் பெரியவை 30 மீற்றர் வரையும் போகும், கிட்டத்தட்ட மூன்று பஸ் வரிசையாக நின்ற நீளம். அது முதுகைக் காட்டும் நேரத்தில் ‘லார்ஜ்’ என்று சொன்னால்தான் பிழை. படகோட்டி “லுக், ஹியூமங்கஸ்!” என்று கத்தினால் அதைவிடப் பொருத்தமான இங்கிலீஸ் இல்லை. அதே திமிங்கலத்தைப் பற்றி விடுதிச் சுவரில் ஒரு தகவல் பலகை எழுதும்போது பெயரடையை விட்டுவிட்டு மீற்றரை எழுதுங்கள். சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்கும் அப்படியே: பக்கத்தில் நின்று கதைக்கும்போது ஹியூமங்கஸ், எழுதும்போது ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும் என்று போட்டால் வாசிப்பவரே வியந்துகொள்வார்.

விஞ்ஞானச் செய்தியிலும் இந்தச் சொல் புகுந்துகொள்ளும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1992இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கிறிஸ்டல் ஃபோல்ஸ் என்ற சிறு ஊருக்குப் பக்கத்துக் காட்டில், நிலத்துக்கு அடியில் 15 ஹெக்டேர் பரப்பில் படர்ந்து கிடந்த ஒரே காளானைப் பற்றி ‘நேச்சர்’ சஞ்சிகையில் ஆய்வுக்கட்டுரை வந்தது. கட்டுரை பக்குவமான விஞ்ஞான மொழியில்தான் இருந்தது. ஆனால் ஊரும் பத்திரிகைகளும் அதற்கு வைத்த பெயர் ‘ஹியூமங்கஸ் ஃபங்கஸ்’, எதுகை அப்படி வந்து விழுந்துவிட்டது. அந்த ஊரில் அதன் பெயரால் விழாவே எடுக்கிறார்கள். பிறகு ஒரெகன் மாநிலத்தில் 900 ஹெக்டேருக்கு மேல் படர்ந்த, அதைவிடப் பலமடங்கு பெரிய இன்னொரு காளான் கண்டுபிடிக்கப்பட்டபோது அந்தப் பட்டப்பெயர் அதற்கும் போய்விட்டது. இரண்டும் ஆர்மிலேரியா என்ற பேரினம். ஆய்வுக்கட்டுரைக்கு ஒரு மொழி, ஊர் வாய்க்கு ஒரு மொழி, இரண்டும் ஒரே காளானுக்கு.

‘ஜம்போ’வையும் இதோடு கேட்டிருந்தீர்கள், உங்கள் சமையல்காரர் இறாலுக்கு அதைத்தான் சொல்கிறார் என்று. அவர் சரி. ஜம்போ என்பது ஒரு யானையின் பெயர். லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் இருந்தது, 1882இல் பார்னம் என்ற அமெரிக்க சர்க்கஸ்காரர் வாங்கிக்கொண்டு போனார், 1885இல் கனடாவில் ரயில் மோதி இறந்தது. பருத்த ஆளைக் குறிக்க அந்தச் சொல் அதற்கு முன்பே சில்லறையாக வழங்கியதுண்டு. பெரிய அளவு என்ற பொருளில் உலகம் முழுக்கப் பரவியது அந்த யானையால்தான். நம் நாட்டில் இங்கிலீஸ் பத்திரிகைகள் காட்டு யானையையும் ஜம்போ என்கின்றன, அமைச்சர்கள் கூடிப்போனால் ‘ஜம்போ கேபினெட்’ என்கின்றன. இறால் வியாபாரத்தில் அது சரக்கின் தரப்பெயர், ஒரு இறாத்தலுக்கு எத்தனை இறால் நிற்கும் என்ற எண்ணிக்கையை வைத்துப் போடுவது. ஆகவே உணவுப் பட்டியலில் ‘ஜம்போ ப்ரோன்ஸ்’ என்று அச்சிடலாம், அது தொழில்மொழி. ‘ஹியூமங்கஸ் ப்ரோன்ஸ்’ என்று அச்சிட்டால் அது கடைக்காரரின் ஆர்வம். வாசலில் சோக்கால் எழுதும் கரும்பலகைக்குப் பொருந்தும், அட்டைக்கு அல்ல என்பது என் அபிப்பிராயம்.

சின்னதைச் சொல்லும் சொற்களிலும் இதே கவனம் வேண்டும், சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்கொட்லாந்துக்காரர் வந்தால் ‘வீ’ என்று கேட்பீர்கள், சின்ன என்று அர்த்தம். அவர் ‘எ வீ ப்ரொப்ளம்’ என்றால் பிரச்சினை சின்னது என்று முடிவெடுத்துவிடாதீர்கள். நாங்கள் “ஒரு சின்ன உதவி” என்று தொடங்கிப் பெரிய உதவி கேட்பதில்லையா, அப்படி மெதுவாகச் சொல்வதுதான் அது. போய்ப் பாருங்கள், கூரை ஒழுகிக்கொண்டிருக்கலாம்.

பரீட்சை எழுதும் தம்பி தங்கச்சிகள் வாசித்தால்: நண்பனுக்குக் கடிதம், உரையாடல், கதை, இவற்றில் ஹியூமங்கஸ் எழுதலாம். அதிபருக்கு, வங்கிக்கு, பத்திரிகை ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தில் வேண்டாம். ஐயெல்ட்ஸ் பேச்சுப் பரீட்சையில் இயல்பாக வந்தால் விடுங்கள், கட்டுரையில் ‘எனார்மஸ்’ அல்லது ‘கன்சிடரபிள்’.

இனி உங்கள் மின்னஞ்சல். ஹியூமங்கஸை எடுத்துவிட்டு ‘சீரியஸ்’ என்றோ ‘கிரேட்’ என்றோ போட்டால் இலக்கணமாகச் சரி வரும். ஆனால் நான் எழுதினால் அளவுச் சொல்லே போடமாட்டேன். ‘செவ்வாய் காலை 6 மணியிலிருந்து 8 மணி வரை தண்ணீர் வரவில்லை. நீங்கள் வெளியே போகவேண்டிய நேரம் அது. மன்னிக்கவும். பம்பைத் திருத்திவிட்டோம்’ என்று நாலு சின்ன இங்கிலீஸ் வாக்கியம் எழுதுவேன். எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று அவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை, பட்டவர்கள் அவர்கள்.

முதலாளியிடம் அகராதியைக் கொண்டுபோய்க் காட்டலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். காட்டுங்கள், ஆனால் தனியாக இருக்கும்போது, திருத்திய கடிதத்தையும் கையில் வைத்துக்கொண்டு. அப்புறம் கரும்பலகையில் இறாலுக்கு அந்தச் சொல்லை எழுத அவர் சம்மதித்தால், எழுத்துக்கூட்டலில் இரண்டாவது உயிரெழுத்து ‘ஓ’வாகவும் வரும் ‘யு’வாகவும் வரும், இரண்டும் அகராதியில் உண்டு, ‘எம்’முக்குப் பின்னால் ‘ஓ’ போட்டு எழுதுவதுதான் கூடுதலான வழக்கம், அதையே எழுதுங்கள்.